அத்தை காய்ச்சிய சோயாப்பால்

நடுவர் ஐயாவுக்கும், மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிற யாங்கோன் தமிழ்ச் சொந்தங்களுக்கும் சித்திரை வாழ்த்து. வணக்கம். நேரம் கொஞ்சம்தான், நேரா விஷயத்துக்கு வர்றேன்.

தலைப்பு: குடும்பத்துக்கு ஏற்றது டின் பாலா, வீட்டில் எடுக்கும் பாலா? வீட்டில் எடுக்கும் பால்தான்னு பேச வந்திருக்கேன். குறிப்பெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா எனக்கு முன்னாடி எதிரணி அண்ணன் ஒரு கதை சொன்னாரு பாருங்க, அதைக் கேட்டதும் அந்தக் காகிதத்தை மடிச்சு வெச்சுட்டேன்.

என்ன சொன்னாரு? "அத்தை வீட்டுக்குப் போனேன். சோயாப்பால் குடுத்தாங்க. மொச்சை கழுவின தண்ணி மாதிரி வாடை. டீயில ஊத்தினாங்க, திரிதிரியாப் போச்சு. மரியாதைக்குக் குடிச்சேன். ராத்திரி முழுக்க வயிறு கடமுடா. பேசாம ஒரு டின்னைத் திறந்திருந்தா இந்த வம்பு உண்டா?"

நீங்களும் கை தட்டினீங்க. நடுவரும் சிரிச்சாரு.

அண்ணே, அத்தையைக் கொண்டுவந்து சபையில நிறுத்திட்டு நீங்க போய் உட்கார்ந்துட்டீங்க. அவங்க பக்கத்து நியாயத்தைச் சொல்ல இங்க யாரும் இல்ல. நான் சொல்றேன். மூணு குற்றச்சாட்டு: வாடை, திரிஞ்சது, வயிறு. ஒவ்வொண்ணா எடுப்போம்.

முதல்ல வாடை. சோயாவை ஊறவெச்சு, பச்சைத் தண்ணி ஊத்தி மிக்ஸியில ஓட்டினா அந்த வாடை வந்தே தீரும். பயறுக்குள்ள லிப்பாக்ஸிஜனேஸ்னு ஒரு நொதி இருக்கு. பயறு உடைஞ்சு, தண்ணியும் காத்தும் பட்ட நொடியில அது பயறோட எண்ணெயில வேலையை ஆரம்பிச்சுடும். வாடை அங்கதான் பிறக்குது. அப்புறம் ஏலக்காய் போட்டாலும் போகாது, ரம்பை இலை போட்டாலும் போகாது. ஆனா 80 டிகிரிக்கு மேல சூடு பட்டா அந்த நொதி செத்துடும். அதனால சூடு முதல்ல, அரைக்கிறது அப்புறம். இவ்வளவுதான் சூட்சுமம்.

அளவு சொல்றேன், வீட்டுல இருக்கிறவங்க மனசுல வாங்கிக்குங்க. ஒரு லிட்டர் பாலுக்கு 125 கிராம் சோயா. ஷான் மலையிலிருந்து வர்ற பயறு, பூச்சி இல்லாததா, ஒரே நிறமா பார்த்து எடுங்க. எட்டு மணி நேரம் ஊறணும். இந்தச் சித்திரை வெயில்ல ஆறு மணி நேரம் போதும், நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்தணும். மாத்தலேன்னா நுரை கட்டிப் புளிச்சுடும். ஒரு பயறை ரெண்டாப் பிளந்து பாருங்க. உள்பக்கம் தட்டையா, நடு வரைக்கும் ஒரே நிறமா இருந்தா ஊறிடுச்சு. நடுவுல குழியா, மஞ்சள் அழுத்தமா இருந்தா இன்னும் நேரம் வேணும்.

ஊறினதைக் கொதிக்கிற தண்ணியில போட்டு அஞ்சு நிமிஷம். அந்தத் தண்ணியில லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சோடா மாவு போட்டா வாடை இன்னும் குறையும். தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு, புதுசா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தி அரைங்க. ஜாரை மூணுல ஒரு பங்குக்கு மேல நிரப்பாதீங்க, ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், கை வெந்துடும். மூடி மேல துணியைப் போட்டு அழுத்திப் பிடிச்சு, விட்டு விட்டு ஓட்டணும். கரண்ட் இல்லையா? அம்மியிலயும் ஆட்டுக்கல்லுலயும் வெந்நீர் ஊத்தி அரைக்க முடியாது. அப்போ பயறையே பத்து நிமிஷம் வேகவிட்டுட்டு நிதானமா அரைங்க. அதுக்கு மேல வேகவிட்டா சத்து இறுகிப்போய்ப் பால் குறையும், சக்கை கூடும்.

ஆக, வாடைக்குக் காரணம் பயறும் இல்ல, அத்தையும் இல்ல. பச்சைத் தண்ணி. முதல் குற்றச்சாட்டு போச்சு.

மூணாவதை இப்பவே எடுத்துடறேன், ஏன்னா வழக்கே அங்கதான் இருக்கு. வயிறு!

அத்தை பாலைத் துணியில வடிச்சாங்க. அடுப்புல வெச்சாங்க. பக்கத்துலயே நின்னாங்க. கொஞ்ச நேரத்துல நுரை கிளம்புச்சு. கிளம்புச்சுன்னா சாதாரணமா இல்ல, பாத்திரத்து வாய் வரைக்கும் வந்து நிக்குது. நம்ம வீட்டுப் பொம்பளைங்க என்ன செய்வாங்க? பால் பொங்கினா அடுப்பை அணைக்கணும், அது கை தானா செய்யுற காரியம். அணைச்சாங்க. மருமகன் காத்துக்கிட்டு இருக்காரேன்னு தம்ளர்ல ஊத்தினாங்க.

அங்கதான் மோசம் போச்சு! இன்னொரு தடவை சொல்றேன், கவனமா கேளுங்க. அது கொதிக்கவே இல்ல. சோயாவுல சப்போனின்னு ஒண்ணு இருக்கு, சோப்பு மாதிரி நுரை தள்ளுற பொருள். தண்ணி 100 டிகிரிக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே, 80 டிகிரி சொச்சத்துலயே நுரை பொங்கிடும். பொய்க் கொதி! பாத்திரத்து மேல நுரை, அடியில அரைவேக்காடு. பச்சை சோயாவுல டிரிப்ஸின் தடுப்பான்னு ஒரு புரதம் இருக்கு. நம்ம வயித்துல புரதத்தைச் செரிக்கிற நொதியை அது கட்டிப் போட்டுடும். நல்லா கொதிச்சாதான் அது அடங்கும். அரைவேக்காட்டுல குடிச்சா வயித்து வலி, வாந்தி, பேதி எல்லாம் வரலாம். அண்ணனுக்குக் கடமுடாவோட போச்சு.

சரி, அத்தை என்ன செஞ்சிருக்கணும்? அகலமான பாத்திரம், பாதிக்கு மேல ஊத்தக்கூடாது. நுரை வந்ததும் அணைக்காம தீயைக் குறைக்கணும். கரண்டியால நுரையை எடுத்துக்கிட்டே இருக்கணும். நுரை தானா அடங்கி, அடியிலிருந்து குமிழ் குமிழா வர ஆரம்பிக்கும் பாருங்க, அதுதான் நிஜக் கொதி. கடிகாரத்தை அங்கிருந்து பாருங்க. 15லிருந்து 20 நிமிஷம், சின்னத் தீ. தட்டையான மரக்கரண்டியால அடியைச் சுரண்டிக் கிளறிக்கிட்டே இருக்கணும். அடி பிடிச்சா முழுப் பாலும் தீஞ்ச வாடை அடிக்கும், அதுக்கு மருந்து கிடையாது.

இப்போ சொல்லுங்க. பொங்கினதும் அணைக்கணும்னு மாட்டுப்பால் கத்துக்கொடுத்த பாடத்தை அத்தை சோயாவுக்கும் செஞ்சாங்க. இது குற்றமா? யாரும் அவங்களுக்குச் சொல்லல. அவ்வளவுதான்.

ரெண்டாவது குற்றச்சாட்டு, டீயில திரிஞ்சது. கொதிக்கிற கடும் சாயத்துல சோயாப்பாலைத் திடீர்னு ஊத்தினா புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரட்டிடும். கோப்பையில முதல்ல சூடான பால், அப்புறம் ஒரு நிமிஷம் ஆறின சாயத்தை மெதுவா. பனைவெல்லமும் அப்படித்தான், அடுப்புல இருக்கிறப்போ போடாதீங்க, இறக்கின பிறகு போடுங்க. வடிச்ச சக்கையைக் கொட்டவும் வேணாம். அதுவும் பச்சைதான், நல்லா வேகணும். வெங்காயம், பச்சைமிளகாய், ரெண்டு கை அரிசி மாவு சேர்த்து வடை தட்டுங்க, மெல்லிசா.

மூணு குற்றச்சாட்டும் முடிஞ்சது. இப்போ அண்ணன் கட்சிக்காரரான டின்னைக் கொஞ்சம் விசாரிப்போம். கண்டென்ஸ்டு மில்க் டின்ல எடையில பாதிக்கு மேல இனிப்பு. ஒரு மேசைக்கரண்டி, 20 கிராம் எடுத்தா, அதுல 10 கிராமுக்கு மேல சர்க்கரை. அதாவது ரெண்டு டீஸ்பூனுக்கு மேல. டீக்கடையில அது கரண்டியா விழுதா, கரண்டி கரண்டியா விழுதா, நீங்களே பார்த்திருக்கீங்க. லேபிளைப் படிங்க. "கிரீமர்"னு போட்டிருந்தா பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் இருக்க வாய்ப்பு அதிகம். பாலுன்னு நினைச்சுப் பிள்ளைக்குக் கரைச்சுக் கொடுக்கிறது எண்ணெயும் சர்க்கரையும்.

ஒரு உண்மையை ஒளிக்காம சொல்லணும். வீட்டு சோயாப்பால்ல புரதம் மாட்டுப்பாலுக்குப் பக்கத்துல வரும், லிட்டருக்கு 30 கிராம் சொச்சம். ஆனா சுண்ணாம்புச் சத்து வராது. மாட்டுப்பால்ல 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்குன்னா இதுல அதுல கால்பங்குகூட தேறாது. பி12 வைட்டமின் கிடையவே கிடையாது. அதனால சோயாப்பால் குடிக்கிற வீட்டுல முள்ளோட சாப்பிடுற சின்னக் கருவாடு, கீரை, முட்டை வேணும். பசும்பால் கிடைக்கிற வீடு நல்லாக் காய்ச்சிக் குடிக்கட்டும். வயித்துக்கு ஒத்துக்கலேன்னா உறை ஊத்தி, ஒரு கப் தயிருக்கு மூணு கப் தண்ணி விட்டு மோராக்கட்டும். ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலா இது எதுவுமே கூடாது. சோயாவும் கூடாது, தேங்காயும் கூடாது, டின்னும் கூடாது. இதை மட்டும் வேடிக்கையா எடுத்துக்காதீங்க.

"கரண்ட் போற ஊர்ல ஃப்ரிட்ஜ் இல்லாம இதெல்லாம் நடக்குமா?"ன்னும் அண்ணன் கேட்டாரு. பாலை எதுக்குச் சேர்த்து வெக்கணும்? பயறைச் சேர்த்து வைங்க. ஒரு வீசை, அதாவது நம்ம ஊர்க் கணக்குல 1.6 கிலோ சொச்சம், அந்த சோயாவுல 13 லிட்டர் பால் இருக்கு, டப்பாவுல மாசக்கணக்கா கெடாம கிடக்கும். காலையில எடுத்ததை வெயில்ல வெக்காம ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே தீர்த்துடுங்க.

தேங்காய்ப்பால் ஞாபகம் வருது. ஒரு தேங்காய் துருவி, வெதுவெதுப்பான தண்ணி அரை கப் விட்டுப் பிழிஞ்சா முதல் பால். ஒரு கப் விட்டு ரெண்டாம் பால். சிட்டிகை உப்பு. ஆவி வர்ற வரைக்கும் மட்டும் சூடு, கொதிச்சா எண்ணெய் பிரிஞ்சுடும். இந்தத் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நாலு நாளும் தெருவுல பந்தல் போட்டு மொன் லெ சாவுங்னு ஒரு இனிப்பு கொடுக்கிறாங்களே, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பிழிஞ்ச அரிசிமாவு. எந்த வீட்டுப் பிள்ளை, என்ன சாமி கும்பிடுதுன்னு யாராவது கேட்டாங்களா? கையை நீட்டினவங்க எல்லாருக்கும் ஒரு கிண்ணம். அதை டின்லயிருந்து யாரும் ஊத்தல. விடியறதுக்கு முன்னாடி யாரோ உட்கார்ந்து துருவியிருக்காங்க, பிழிஞ்சிருக்காங்க.

அத்தையும் அப்படித்தான் அண்ணே. டின்னைத் திறக்க ஒரு நிமிஷம் போதும். நீங்க வந்து நின்ன பிறகுகூடத் திறக்கலாம். சோயாவை முந்தின நாளே ஊறவெக்கணும். அப்படின்னா நீங்க வர்றதுக்கு முந்தின நாளே அவங்க உங்களை நினைச்சிருக்காங்க. மின்சாரம் எந்த நேரத்துக்கு வருமோன்னு முழிச்சுக்கிட்டு இருந்து, வந்த நேரத்துல அரைச்சிருக்காங்க. அந்தக் காலத்துல பயறை எடுத்து நாலு பேருக்குப் பகிர்ந்து பழகின கை அது. அந்தக் கை உங்க முன்னாடி தம்ளரை நீட்டுறப்போ, நீங்க மூக்கைச் சுளிச்சதை அவங்க பார்த்திருப்பாங்களா அண்ணே? பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருப்பாங்க. நம்ம வீட்டு அத்தைங்க அப்படித்தான்.

நடுவர் ஐயா, தீர்ப்பை உங்க விருப்பப்படி சொல்லுங்க. எனக்கு எதிரணி அண்ணன்கிட்டதான் ஒரு கோரிக்கை. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை வீசை நல்ல சோயா வாங்கிக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போங்க. வெந்நீர் ஊத்தி அரைக்கிறதையும், நுரை அடங்கின பிறகு இருபது நிமிஷம் கொதிக்கவிடறதையும் பக்குவமா சொல்லுங்க. கரண்டியை நீங்க பிடிங்க, அத்தை உட்காரட்டும். முதல் தம்ளரை அவங்களுக்குக் கொடுங்க. நன்றி, வணக்கம்.