60 கோல்களும் 8 பவுண்டு வாரச் சம்பளமும்: டிக்ஸி டீனின் ஆட்டக்காலம்

வணக்கம். 1927-28 சீசனில், இங்கிலாந்தின் முதல் டிவிஷன் கால்பந்து லீகில், லிவர்பூல் நகரின் எவர்ட்டன் அணியின் சென்டர் ஃபார்வர்டு (நடு முன்கள வீரர்) ஒருவர் 39 ஆட்டங்களில் 60 கோல்கள் அடித்தார். அந்நாட்டின் உயர்நிலை லீகில் ஒரே சீசனில் அத்தனை கோல்களை அவருக்கு முன்பும் எவரும் அடித்ததில்லை, பின்பும் அடித்ததில்லை. அவர் பெயர் வில்லியம் ரால்ஃப் டீன். ரசிகர்கள் 'டிக்ஸி' என்று அழைத்தார்கள்; அந்தப் பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த 60 எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்பவர்கள் பலர். அதனால் அவருக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அவருடைய காலம் நமக்குப் புரியும்.

[திரையில்: மெர்சி ஆறு, பர்க்கன்ஹெட் நகரம்]

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் 1907 ஜனவரி 22 அன்று டீன் பிறந்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, விர்ரல் (Wirral) ரயில்வேயில் ஃபிட்டர் வேலை பழகச் சேர்ந்தார். பக்கத்து எண்ணெய் நிறுவனங்களிலிருந்து பெரிய பெரிய எலிகள் வரும் என்பதால், உடன் பழகிய இரண்டு பையன்கள் இரவு வேலைக்குத் தயங்கினார்கள். அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பிற்காலத்தில் டீன் நினைவுகூர்ந்தார். காரணம் ஒன்றுதான்: இரவில் உழைத்தால் பகலில் பந்து விளையாடலாம்.

உள்ளூர் அணியான ட்ரான்மியர் ரோவர்ஸுக்காக 30 லீக் ஆட்டங்களில் 27 கோல்கள் அடித்த அவரை, 1925 மார்ச்சில், பதினெட்டு வயதில், 3,000 பவுண்டு கொடுத்து எவர்ட்டன் வாங்கியது. அடுத்த ஆண்டு கோடையில் வட வேல்ஸில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய மண்டையோடும் தாடையும் முறிந்தன. இனி விளையாட முடியுமா என்றே மருத்துவர்கள் ஐயப்பட்டார்கள். சில மாதங்களில் அவர் களத்துக்குத் திரும்பினார், அதுவும் பந்தைத் தலையால் முட்டுவதையே தன் முதல் ஆயுதமாகக் கொண்ட ஆட்டக்காரராக. அன்றைய பந்து தோலால் ஆனது, கயிறு கட்டி இறுக்கியது, மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் துணிவின் அளவு விளங்கும்.

[திரையில்: ஆஃப்சைடு விதியின் வரைபடம், 1925-க்கு முன்பும் பின்பும்]

இனி 60-க்கு வருவோம். 1925 வரை, பந்து முன்னே அனுப்பப்படும் நொடியில், தாக்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது மூவர் இருந்தாக வேண்டும், இல்லையேல் ஆஃப்சைடு என்ற தவறு. 1925 கோடையில் அந்த மூவர் இருவரானார்கள். கோல்கீப்பரும் அந்தக் கணக்கில் சேர்வதால், இனி ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர் குறுக்கே நின்றாலும் போதும் என்றாயிற்று. முதல் டிவிஷனில் 1924-25இல் 1,192 ஆக இருந்த மொத்தக் கோல்கள் அடுத்த சீசனில் 1,703 ஆக உயர்ந்தன. 1926-27இல் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல்கள் அடித்ததும் இந்தப் புதிய சூழலில்தான்.

ஆனால் விதி மாறியது எல்லோருக்கும்தானே? டீனுக்கென்று இருந்தவை இரண்டு. ஒன்று, எங்கே பந்து விழும் என்று கணித்து, தடுப்பவருக்கு ஒரு கணம் முன்பே எழும்பும் திறமை. மற்றொன்று, இடது ஓரத்திலிருந்து குறிதவறாமல் பந்தை உயர்த்தித் தந்த அலெக் ட்ரூப் என்ற குள்ளமான ஸ்காட்லாந்துக்காரர். சாதனைப் பட்டியலில் ட்ரூப்பின் பெயர் இல்லாதது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

சீசன் முடிய இரண்டே ஆட்டங்கள் இருந்தபோது டீன் 53-இல் நின்றார். பர்ன்லிக்கு எதிராக நான்கு கோல்கள் அடித்தார். எஞ்சியது 1928 மே 5 அன்று எவர்ட்டனின் அன்றைய மைதானமான குடிசன் பார்க்கில் ஆர்சனலுடன் ஒரே ஆட்டம். கேம்செலின் 59-ஐத் தாண்டத் தேவை மூன்று கோல்கள். சாம்பியன் பட்டம் ஏற்கெனவே எவர்ட்டனுக்கு உறுதியாகிவிட்டதால், மைதானம் முழுவதும் ஒரே மனிதருக்காகக் காத்திருந்தது. தொடக்கத்திலேயே இரண்டு கோல்கள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்று பெனால்டி. அதன்பின் நேரம் கரைந்ததே தவிர மூன்றாவது வரவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ட்ரூப் ஒரு கார்னர் கிக் எடுத்தார். டீன் எழும்பித் தலையால் முட்டினார். பந்து வலைக்குள் சென்றது. ஆட்டம் 3-3 என்று முடிந்தது.

[திரையில்: வார ஊதிய உச்சவரம்பு]

அதே ஆண்டு அக்டோபரில் டேவிட் ஜாக் என்ற வீரரை ஆர்சனல் 10,000 பவுண்டுக்கும் அதிகமான விலையில் வாங்கியது. விலை கிளப்புகளுக்கிடையே கைமாறியது. வீரருக்கோ, 1922 முதல் லீக் விதித்திருந்த உச்சவரம்பின்படி, சீசனில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6 பவுண்டு, அதற்கு மேல் சம்பளம் இல்லை. அறுபது கோல் அடித்தவருக்கும் அதே வரம்புதான். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காவிட்டால் அவர் வேறு அணிக்குப் போக முடியாது. பல்லாயிரம் பேரை மைதானத்துக்கு இழுத்த ஒருவரிடம் இப்படி நடந்துகொண்டது அநியாயம் என்பதே என் கருத்து.

எவர்ட்டன் 1930-இல் தாழ்நிலைக்கு இறங்கியபோதும் டீன் உடனிருந்தார். 1931-இல் இரண்டாம் டிவிஷன், 1932-இல் முதல் டிவிஷன், 1933-இல் அவர் தலைமையில் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டி) என்று அணி மூன்று ஆண்டுகளில் மூன்று பட்டங்களை வென்றது. மான்செஸ்டர் சிட்டியை 3-0 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தில்தான் கோப்பை இறுதியாட்ட வீரர்கள் முதன்முறையாக எண் பொறித்த சட்டை அணிந்தார்கள்; டீன் அணிந்தது 9. இங்கிலாந்துக்காக 16 ஆட்டங்களில் 18 கோல்கள் அடித்தார்.

1936-37 சீசனின் நடுவில், அவர் இடத்தை நிரப்புவதற்கென்றே டாமி லாட்டன் என்ற பதினேழு வயதுப் பையனை எவர்ட்டன் வாங்கியது. லாட்டனுக்குத் தலையால் முட்டும் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர் டீனேதான். 1938 மார்ச்சில் டீன் நாட்ஸ் கவுண்டிக்கு விற்கப்பட்டார். அப்போது எவர்ட்டனுக்காக அவர் 399 லீக் ஆட்டங்களில் 349 கோல்கள் அடித்திருந்தார். அடுத்த சீசனில் லாட்டன் 34 கோல்கள் அடிக்க, எவர்ட்டன் மீண்டும் சாம்பியன் ஆனது.

போருக்குப் பின் டீன் செஸ்டர் நகரில் ஒரு மதுவிடுதி நடத்திப் பிழைத்தார். ஊதிய உச்சவரம்பு 1961-இல்தான் நீங்கியது; அப்போது அவருக்கு வயது 54. மூன்று ஆண்டுகள் கழித்து, 1964-இல், அவருக்கு நிதி திரட்ட குடிசன் பார்க்கில் ஒரு ஆட்டம் நடத்தப்பட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டிக்கெட் வாங்கி வந்தார்கள்.