மச்சான் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு

(களியக்காவிளை அருகே ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கீட்டோ உணவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். “துபாயில இருக்க மச்சான் கீட்டோ எடுத்து நல்லா மெலிஞ்சிட்டாரு டாக்டரே, நானும் தொடங்கட்டா?” மச்சான் மெலிந்தது நிஜமாகவே இருக்கட்டும். மச்சானுக்குச் சுகர் உண்டா, பிரஷர் மாத்திரை உண்டா, பித்தப்பையில் கல் உண்டா என்று கேட்டால் தெரியாது என்பார்கள். போட்டோ மட்டும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். ஒரு நாளைக்கு உள்ளே போகும் மாவுச்சத்தை 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்திவிட்டால், கல்லீரல் கொழுப்பை உடைத்து கீட்டோன் என்ற பொருளைச் செய்யத் தொடங்கும். மூளையும் தசையும் குளுக்கோசின் இடத்தில் ஓரளவுக்கு அதை எரித்துக்கொள்ளும். அவ்வளவுதான் கீட்டோ. கேட்க எளிதாக இருக்கிறது. நம் ஊர்த் தட்டை வைத்துக் கணக்குப் போட்டால்தான் கஷ்டம் தெரியும். தமிழக எல்லைக்கு இந்தப் பக்கம் ஆனாலும் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் ஆனாலும் தட்டில் இருப்பது ஒன்றுதான். ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம் மாவுச்சத்து. நாம் ஒரு கோப்பையோடு எழுந்திருக்கும் ஆட்களா? பெரிய ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம், ஒன்று 40 கிராமைத் தொட்டுவிடும். நாலு துண்டு அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, போதும், அன்றைய கணக்கு முடிந்தது.

மரச்சீனியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட 1880 முதல் 1885 வரையான காலத்தில் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது நம் பாட்டன்மாரின் வயிற்றை நிரப்பியதும் அந்தக் கிழங்குதான். ஆனால் அவர்கள் அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தார்கள். நாம் ஸ்கூட்டரில் போய்ப் பால் வாங்குகிறோம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சாளைமீனில் மாவுச்சத்து கிடையாது. முட்டை, கீரை, வெள்ளரிக்காய், தேங்காய் எல்லாம் அளவோடு கீட்டோவுக்குள் அடங்கும். அதனால் கடலோரத்துக்காரருக்கு இது ஆகாத காரியம் என்று சொல்லவில்லை. மீன்குழம்பு இருக்கும், கூட வரும் கிழங்கு இருக்காது. அது எத்தனை நாளைக்கு முடியும் என்பதை அவரவர் வீட்டு அடுக்களைதான் சொல்ல வேண்டும்.

கீட்டோ இன்ஸ்டாகிராமில் பிறந்ததும் இல்லை. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக இதை முன்வைத்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று கண்டிருந்தார்கள். பட்டினி போடாமலே அதே நிலையை உடம்பில் உண்டாக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இன்றைக்கும் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு, மருத்துவர் மேற்பார்வையில், கிராம் கணக்கில் நிறுத்து இதைக் கொடுக்கிறார்கள்.

அந்தக் குழந்தைகளிடமே நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. குளுட்-1 குறைபாடு என்று ஓர் அரிய பிறவி நோய். குளுக்கோஸ் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதிய அளவு போகாது. அந்தக் குழந்தைக்கு கீட்டோதான் முதல் வைத்தியம். பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடு என்று இன்னொன்று. அந்தக் குழந்தைக்குக் கீட்டோ கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வலிப்பு வருகிற குழந்தைகள்தான்.

சரி, நோய் இல்லாத பெரியவர்களுக்கு? 2018இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். முழுக் கீட்டோ இல்லை, அதற்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடைக்குறைவு ஒன்றில் 5.3 கிலோ, மற்றதில் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாதிக்குள்ளும் 25 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடிப்போனவர்களும் இருந்தார்கள். மரபணுவையும் இன்சுலின் சுரப்பையும் வைத்து யாருக்கு எது ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நினைத்தார்கள். முடியவில்லை. ஆகவே எச்சிலை அனுப்பு, உன் மரபணுவுக்கு ஏற்ற டயட் சொல்கிறேன் என்று யாராவது விற்க வந்தால் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

யாருக்கு ஒத்துவரும் என்று முன்னால் சொல்வது கடினம். யாருக்கு ஆகாது என்று முன்னால் சொல்வது பெரும்பாலும் எளிது. அதற்கு உங்கள் வீட்டு மாத்திரை டப்பா போதும்.

டப்பாவைத் திறந்து அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் வேண்டாம், மருந்தின் பெயரைப் படியுங்கள். கண்ணாடி போட வேண்டியிருக்கும். மெடிக்கல் ஸ்டோரில் நாலு மாத்திரையாக வெட்டிக் கொடுத்திருந்தால் பாதிப் பெயர் கத்திரியோடு போயிருக்கும், அப்படியானால் பில்லை எடுங்கள். பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடிகிறதா? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று வரும். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வரும், அதனால் இரண்டாவது வரியையும் படியுங்கள். இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். நல்ல மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுவது. ஆனால் உடம்பில் கீட்டோன் ஏறுவதற்கும் இதுவே வழி திறந்துவிடும். அதன் மேல் மாவுச்சத்தையும் நீங்கள் நிறுத்தினால், ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். இதில் மோசம் என்ன தெரியுமா? சுகர் ஏறியே இருக்காது. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு என்று கிடப்பவரின் விரலில் குத்திப் பார்த்தால் 160, 180 என்று காட்டும். சுகர் நன்றாகத்தானே இருக்கிறது, மீன் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று வீட்டில் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். அங்கேதான் நேரம் போகும்.

சுகருக்கான மற்ற மருந்துகள், க்ளிமிபிரைடு, க்ளிக்லசைடு, இன்சுலின், இவற்றில் ஆபத்து எதிர்த்திசையில், சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிடும். ரப்பர் பால் வெட்டும் ஒருவர், விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர், சோற்றை நிறுத்தினார், கட்டன்சாயாவில் சீனியையும் நிறுத்தினார். மாத்திரை மட்டும் பழைய அளவு. பாதி மரம் வெட்டும்போது கை நடுங்கி, வேர்த்து, மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் சீனி கொண்டுவந்து கொடுத்ததால் பிழைத்தார். அவருக்குக் கீட்டோ ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. ஒத்துக்கொண்டுதான் இருந்தது, சுகர் இறங்கியிருந்தது. மாத்திரையைக் குறைக்க ஆளில்லை, அதுதான் காரியம். பிரஷர் மாத்திரையும் இப்படித்தான். முதல் வாரத்தில் உப்பும் நீரும் உடம்பிலிருந்து வெளியேறும், பழைய அளவில் மாத்திரை போட்டால் எழுந்திருக்கும்போது தலை சுற்றும். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் அவ்வளவு இல்லை.

முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கணையம் வீங்கி ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், இவர்கள் சொந்தமாகத் தொடங்கவே கூடாது. கிட்னிக் கல் வந்தவர்களும் கேட்காமல் இறங்க வேண்டாம்.

முதல் வாரம் மூன்று கிலோ போயிற்று என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். உடம்பில் சேமித்து வைத்த சர்க்கரை, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது காலியானதும் நீரும் போகும். போனதில் பெரும்பகுதி தண்ணீர். கெண்டைக்காலில் பிடிப்பும் தலைவலியும் அந்த வாரத்தில் வந்தால் பெரும்பாலும் உப்புக் குறைவுதான் காரணம்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. தொடங்கும் முன் ஒன்று, இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்று. வெறும் வயிற்றில் கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல், யூரிக் அமிலம், மூன்று மாதச் சுகர் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. முதல் ரிப்போர்ட் இல்லாவிட்டால் இரண்டாவது எதற்கும் உதவாது. கீட்டோவில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு பொதுவாக இறங்கும். கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல். சிலருக்கு அப்படியே இருக்கும், சிலருக்குத் தாவி ஏறும், அதிலும் ஒல்லியானவர்களுக்கு. 190ஐத் தாண்டிவிட்டால் எடை எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்த உடம்புக்கு அந்த உணவு வேண்டாம் என்பேன். தேங்காய் எண்ணெய் நம் எண்ணெய், எனக்கும் அது இல்லாமல் மீன் பொரித்தால் பிடிக்காது. ஆனாலும் கீட்டோ என்ற பெயரில் காலையில் இரண்டு கரண்டி குடிப்பவர்களைப் பார்க்கிறேன். அதில் முக்கால் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றக்கூடியது.

ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்றும் இருந்துவிடாதீர்கள். 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், இங்கிலாந்து மருத்துவர் யுட்கின், இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் 22.3. உடம்புக் கொழுப்போ நம்மவருக்கு 21.2 சதவீதம், வெள்ளைக்காரருக்கு 9.1. தராசு இதைக் காட்டாது, இடுப்பில் போடும் டேப் கொஞ்சம் காட்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் கவனம் வேண்டும்.

கீட்டோ இல்லாவிட்டால் பழைய தட்டுதான் என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) திரட்டிய தரவை வைத்து 2022இல் வந்த கணக்கு, சர்க்கரை நோயாளிகளுக்கு மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் பாதியளவுக்குக் கொண்டுவந்து புரதத்தைக் கூட்டச் சொல்கிறது. நம்மில் பலர் அதற்கு மேலேதான் இருக்கிறோம். சோற்றில் ஓர் அகப்பை குறைந்து, பயறும் மீனும் கூடினால் அந்தப் பக்கம் நகர்ந்துவிடலாம். கல்யாண வீட்டுப் பாயசத்தை மறுக்கத் தெரியாதவர்களுக்கு இதுதான் என் பரிந்துரை, எனக்கும் சேர்த்து.

கடைசியாக, நிறுத்துவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கீட்டோவை விடுகிறவர்கள் பெரும்பாலும் ஓணத்துக்கோ கிறிஸ்துமசுக்கோ ஒரே நாளில் விடுகிறார்கள். டாக்டர் குறைத்துக் கொடுத்த மாத்திரை அப்படியே இருக்க, சோறு மட்டும் முழுசாகத் திரும்பி வரும். சுகர் பழைய இடத்துக்கு மேலேயே போய்விடும். விடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னமே வந்து சொல்லுங்கள், மாத்திரைச் சீட்டை மாற்றி எழுதித் தருகிறோம்.