எந்த வைட்டமின் ஈ?

வணக்கம். வைட்டமின் ஈ புற்றுநோய் செல்லைக் கொல்லுமா என்று யாராவது கேட்டால், "எந்த வைட்டமின் ஈ?" என்று திருப்பிக் கேட்பேன். குதர்க்கம் இல்லை. அந்த ஒரு பெயருக்குள் எட்டுப் பேர் இருக்கிறார்கள்: டோக்கோபெரால் நான்கு, டோக்கோட்ரையீனால் நான்கு. இவர்களில் ஆல்ஃபா டோக்கோபெராலைத்தான் கல்லீரலில் உள்ள ஒரு புரதம் பொறுக்கியெடுத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. மற்றவை பெரும்பாலும் சிதைந்து வெளியேறிவிடும். மாத்திரைகளில் இருப்பதும் பெரும்பாலும் ஆல்ஃபாதான்.

சரி, செல் எப்படிச் சாகிறது? பழுதான செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ள உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. 1972-இல் அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உதிர மறுக்கும் செல்தான் புற்றுநோய் செல்.

அதை உதிர வைப்பதில் ஆய்வாளர்களைக் கவர்ந்தது, டோக்கோபெரில் சக்சினேட் என்ற மாற்றுருவம். ஆல்ஃபா டோக்கோபெராலின் ஒரு முனையில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வேலையைச் செய்வது அதுதான். அதன்மேல் சக்சினிக் அமிலத்தை ஒட்டிவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். அப்படி வேலை நின்ற மூலக்கூறுதான் செல்லைச் சாகடிக்கிறது!

எப்படி என்றால், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் யூபிக்வினோன் என்ற பொருள் எலக்ட்ரான்களை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்துகிறது. அது உட்காரும் ஓர் இடத்தை சக்சினேட் உருவம் பிடித்துக்கொள்கிறது. போக வழியில்லாத எலக்ட்ரான்கள் ஆக்சிஜன்மேல் சிந்தி, சூப்பராக்சைடு என்ற, செல்லைச் சேதப்படுத்தக்கூடிய ஆக்சிஜன் வடிவம் உருவாகிறது. அப்புறம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு ஓட்டையாகி, சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிகிறது. அது கசிந்ததும் கேஸ்பேஸ் நொதிகள் விழித்து, செல்லை உள்ளிருந்தே நறுக்கத் தொடங்குகின்றன. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று பெயர் வாங்கிய குடும்பத்தின் பிள்ளை, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டித்தான் கொல்கிறது.

காமா, டெல்டா டோக்கோட்ரையீனால்களும் ஆய்வகத் தட்டில் புற்றுநோய் செல்களைச் சாகடித்திருக்கின்றன. தட்டில்தான், அதை மறந்துவிடக் கூடாது.

மனிதர்களிடம் என்ன நடந்தது? வைட்டமின் ஈயும் செலினியமும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்த ‘செலக்ட்’ என்ற ஆய்வில் 35,000-க்கும் அதிகமான ஆண்கள் கலந்துகொண்டார்கள். வைட்டமின் ஈ பிரிவினருக்குத் தினமும் 400 அலகு ஆல்ஃபா டோக்கோபெரால் கொடுத்தார்கள். 2011-இல் வெளியான கணக்குப்படி, அதை மட்டும் எடுத்தவர்களிடம், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட, புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. எனக்கு இதில் பெரிய முரண்பாடு தெரியவில்லை. கொடுத்தது ஆல்ஃபா, செல்லைச் சாகடித்தது வேறு உருவம். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் புற்றுநோய் செல்லையும் சேர்த்துக் காக்கக்கூடும் என்பதற்கு எலி ஆய்வுகளிலும் சான்று உண்டு. சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் ஈ மாத்திரை போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் சக்சினேட்டையே மாத்திரையாக விழுங்கலாமே? அங்கேதான் சிக்கல். குடலில் உள்ள நொதிகள் சக்சினேட்டை வெட்டிவிடும். மிஞ்சுவது பழைய ஆல்ஃபா டோக்கோபெரால். அதனால் எலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். நொதிகளால் வெட்ட முடியாத ஈதர் பிணைப்பு கொண்ட மாற்றுருவங்களையும் செய்து சோதித்து வருகிறார்கள்.

நன்றி, வணக்கம்.