மூன்று ஆஃபர், ஒரு தவணைத் தேதி

(கிருஷ்ணகிரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் ஒரு பிள்ளை வேலையைப் பற்றி யோசனை கேட்டு வந்தால், வீட்டில் என்ன கடன் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

நம் பக்கத்தில் இன்று வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. ஓசூர் சிப்காட் இருக்கிறது. குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரியைச் சுற்றியே பெரிய தொழிற்சாலைகள் வந்துவிட்டன. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். படிப்பு முடிந்த கையோடு இரண்டு மூன்று ஆஃபர் லெட்டர் வைத்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. வீட்டில் குழுக் கடன், அம்மாவின் நகை அடகில், இவர்கள் பெயரில் கல்விக் கடன். "எது முதல்ல கூப்பிடுதோ அதுக்குப் போயிடறேன் சார்" என்கிறார்கள். அந்தப் பதிலை மறுத்துப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

வசூலுக்கு வாசலில் வந்து நிற்பவருக்கு வேண்டியது இந்த வாரத் தவணை. உங்களுக்கு வேண்டியது பல வருடப் பிழைப்பு. இரண்டையும் ஒரே அவசரத்தில் தீர்க்கப் பார்த்தால், உங்கள் வேலையைக் கடன் கொடுத்தவர் தேர்ந்தெடுத்தது போல ஆகிவிடும். ஆகவே ஆஃபர் லெட்டர்களை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் கடனை மட்டும் எடுத்து வைத்து உட்காருங்கள்.

கல்விக் கடனுக்குப் பெரும்பாலான வங்கிகளில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை இல்லை. வட்டி மட்டும் ஏறும். வங்கி கடனை அனுமதித்துக் கொடுத்த சேங்ஷன் லெட்டரில் தவணை தொடங்கும் தேதி இருக்கும். அதைப் படிக்காமலே பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய. நகைக் கடனைப் பல இடங்களில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு, அதாவது அடமானம் இல்லாமல் கொடுக்கும் சிறு கடனுக்கு, ரிசர்வ் வங்கி 2022-இல் விதிமுறை கொண்டுவந்தது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த பிறகு, ஒரு மாதத்துக்குக் கட்டாயம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று ஒரே ஒரு எண் கிடைக்கும். அதைத் தாளின் மேலே எழுதுங்கள்.

சரி, இப்போது லெட்டர்களை எடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். பெங்களூர் கம்பெனி ஒன்று வருடத்துக்கு 3,60,000 என்கிறது. மாதம் 30,000 என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அது சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதி 1,800, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 720, வருட முடிவில் வேலையைப் பார்த்துத் தருவதாகச் சொல்லும் தொகை மாதக் கணக்கில் 3,000. எல்லாம் அந்த முப்பதாயிரத்துக்குள்தான். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. கைக்கு வருவது 22,700-க்குக் கொஞ்சம் குறைவு. பிஜி என்கிற தங்கும் விடுதி வாடகை, சாப்பாடு 9,000, பஸ், போன், ஊருக்கு வந்து போவது 3,500 என்றால் மிச்சம் பத்தாயிரம்.

ஓசூர் கம்பெனி மாதம் 19,000 என்கிறது. அடிப்படை 12,000 என்றால் பிஎஃப் 1,440, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 143. கைக்கு 17,400. கம்பெனி பஸ் காவேரிப்பட்டணம் வரைக்கும் வருகிறது, ஒரு வேளைச் சாப்பாடு அங்கேயே. கைச்செலவு 2,000 போனால் மிச்சம் பதினைந்தாயிரத்துக்கு மேல். இன்னொன்றும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 வரைக்கும்தான் இஎஸ்ஐ. அதில் உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் இதையும் பணமாகவே எண்ணுங்கள்.

அப்படியானால் ஓசூர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாளின் மேலே எழுதிய எண்ணைப் பாருங்கள். கட்ட வேண்டியது 8,000 என்றால் இரண்டு வேலையுமே போதும். போதும் என்று ஆன பிறகு எதில் மிச்சம் அதிகம் என்று கேட்காதீர்கள்; எதில் தொழில் கற்றுக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். பெங்களூரில் டிசைன் வேலை, ஓசூரில் ஒரே ஸ்க்ரூவை நாளெல்லாம் முடுக்குவது என்றால், நான் பெங்களூருக்குத்தான் அனுப்புவேன். கட்ட வேண்டியது 14,000 என்றால் ஓசூருக்குப் போங்கள். ஆனால் எத்தனை மாதம் அங்கே இருப்பது, அதற்குள் எந்தக் கடனை முடிப்பது என்று முதல் நாளே எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், முதல் சம்பளம் வரும் தேதி. இதை யாரும் கேட்பதில்லை, நெருக்கடியில் இருக்கும் வீட்டுக்கு இதுதான் முக்கியம். மாதக் கடைசியில் சேர்ந்தால், அந்தச் சில நாள் சம்பளமும் அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்ந்துதான் பல கம்பெனிகளில் வரும். அதாவது ஒரு மாதத்துக்கு மேல் கையில் பணம் இருக்காது. பிஜி அட்வான்ஸோ முதல் நாளே வேண்டும். இதற்காக மறுபடியும் வட்டிக்கு வாங்காதீர்கள். 'ஒன்றாம் தேதி சேரலாமா, சம்பளம் எந்தத் தேதி வரும்' என்று எச்ஆரிடம் கேளுங்கள். கேட்டதற்காக ஆஃபரைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் இடம் நல்ல இடமாக இருக்காது.

கம்பெனியே நேரடியாக எடுக்கும் கம்பெனி ரோலா, ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கும் கான்ட்ராக்டா, அப்ரன்டிஸா என்பதையும் லெட்டரிலேயே பாருங்கள். அப்ரன்டிஸ் என்றால் 1961-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் பயிற்சி. உதவித்தொகைதான், சம்பளம் அல்ல. முடிந்ததும் வேலை தருவார்கள் என்பது வாய்ப்பேச்சாக இருந்தால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வேலைக்காகப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலும் அப்படியே.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தூரம், நைட் ஷிஃப்ட் என்று இங்கே உட்கார்ந்தபடியே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் பஸ் ஏறி அந்த ஹாஸ்டலைப் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஹாஸ்டல் பணம் சம்பளத்தில் பிடிக்கிறார்களா, எவ்வளவு என்று கேளுங்கள். கடனைச் சுமக்க மகள் வேண்டும், முடிவெடுக்க மட்டும் மகள் வேண்டாம் என்பது நியாயம் இல்லை.

இன்று மாலைக்குள் பதில் சொல் என்று போனில் அவசரப்படுத்துவார்கள். மூன்று நாள் வேண்டும் என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்த இடத்துக்கும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அந்த இடத்துக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்.

லெட்டரைக் கையோடு கொண்டு வந்தவர்கள் இங்கே முன்வரிசைக்கு வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள். தவணை அட்டை அவர்களிடம்தானே இருக்கும்.