மாஸ்ஃபெட் எந்த நேரத்தில் சூடாகிறது?

[திரையில்: ஹீட்சிங்கில் திருகிய மாஸ்ஃபெட், அதன்மேல் ஒரு வெப்பநிலை சென்சார்]

இதோ ஒரு சர்க்யூட். 400 வோல்ட் சப்ளை, 10 ஆம்பியர் லோடு, நடுவில் ஸ்விட்ச்போல வேகமாக ஆன், ஆஃப் ஆகும் ஒரு மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்). 20 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது ஹீட்சிங்க் லேசாகத்தான் சுடுகிறது. வோல்டேஜும் லோடும் அப்படியே இருக்க, ஃபிரீக்வென்சியை மட்டும் 100க்கு ஏற்றுகிறேன். கொஞ்ச நேரத்தில் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போகிறது. (கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கும் உண்டு. 400 வோல்ட்டில் அது வேண்டாம்.)

லோடு மாறவில்லை. பிறகு இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

முழுக்க ஆன் ஆகிவிட்ட மாஸ்ஃபெட் ஒரு சின்ன ரெசிஸ்டர்தான். 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட். பாதி நேரம்தான் ஆன் என்றால் சராசரி 5 வாட். ஆஃப் நிலையில் வோல்டேஜ் முழுசாக நிற்கும், ஆனால் கரண்ட் இல்லை. அங்கே இழப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த 5 வாட் எந்த ஃபிரீக்வென்சியிலும் 5 வாட்தான். ஆக, நாம் தேடுவது ஆனிலும் இல்லை, ஆஃபிலும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் அந்தச் சில நானோ செகண்டுகளில் இருக்கிறது.

[திரையில்: வோல்டேஜ் கோடும் கரண்ட் கோடும் பெருக்கல் குறி போல வெட்டிக்கொள்ளும் படம்]

வழக்கமாக இந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள். வோல்டேஜ் இறங்க இறங்க கரண்ட் ஏறுகிறது, நடுவில் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. உச்சகட்டத்தில் பாதி வோல்டேஜ், பாதி கரண்ட்: 200ஐ 5ஆல் பெருக்கினால் 1000 வாட். ஹீட்டர் மாதிரி வெறும் ரெசிஸ்டர் லோடுக்கு இது சரி. ஆனால் பவர் சர்க்யூட்டில் மாஸ்ஃபெட்டுக்கு வாய்ப்பது பெரும்பாலும் காயில். அங்கே இந்தப் படம் நம்மை ஏமாற்றிவிடும். நானே ரொம்ப நாள் இதை நம்பி, கணக்கில் வந்ததைவிட ஏன் இவ்வளவு சுடுகிறது என்று முழித்திருக்கிறேன்.

[திரையில்: காயில், டயோடு, மாஸ்ஃபெட், கரண்ட் டயோடு வழியாகச் சுற்றுகிறது]

காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. மாஸ்ஃபெட் ஆஃபில் இருக்கும்போது அந்த 10 ஆம்பியர் டயோடு வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது மாஸ்ஃபெட்டை ஆன் செய்கிறோம். கரண்ட் டயோடிலிருந்து மெல்ல இங்கே மாறுகிறது: 2 ஆம்பியர், 5, 8... ஆனால் டயோடில் ஒரு ஆம்பியர் மிச்சம் இருந்தாலும் அது கடத்திக்கொண்டுதான் இருக்கிறது. அது கடத்தும்வரை மாஸ்ஃபெட்டின் டிரெயின் (கரண்ட் உள்ளே வரும் முனை) முழு 400 வோல்ட்டில் கட்டுண்டு நிற்கும். 10 ஆம்பியரும் வந்து சேர்ந்த பிறகுதான் வோல்டேஜ் இறங்கவே ஆரம்பிக்கும். அதாவது ஒரு கணம் முழு வோல்டேஜும் முழு கரண்ட்டும் ஒரே நேரத்தில். 4000 வாட்!

[திரையில்: முதலில் கரண்ட் ஏறுகிறது, பிறகு வோல்டேஜ் இறங்குகிறது, கீழே 4000 வாட் உச்சமுள்ள முக்கோணம்]

கரண்ட் ஏற 15 நானோ செகண்ட், வோல்டேஜ் இறங்க 35, மொத்தம் 50. முக்கோணத்தின் பரப்பு 100 மைக்ரோஜூல். ஆஃப் செய்யும்போது இதே கதை தலைகீழாக: முதலில் வோல்டேஜ் ஏறும், அப்புறம்தான் கரண்ட் விழும். அதற்கும் 100 என்று எடுத்துக்கொண்டால் ஒரு சைக்கிளுக்கு 200 மைக்ரோஜூல். அந்தப் பெருக்கல் குறிப் படத்தை வைத்து இதே 50 நானோ செகண்டுக்குக் கணக்குப் போட்டிருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கும்.

செகண்டுக்கு 20,000 முறை என்றால் 4 வாட். 1,00,000 முறை என்றால் 20 வாட். ஆக மொத்த இழப்பு 9 வாட்டிலிருந்து 25 வாட்டுக்குப் போய்விட்டது.

சரி, அந்த 35 நானோ செகண்டைத் தீர்மானிப்பது யார்? கேட், அதாவது மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் முனை.

[திரையில்: கேட் வோல்டேஜ் ஏறி, நடுவில் படுத்து, மறுபடி ஏறும் வரைபடம்]

ஆஸிலோஸ்கோப்பில் கேட்டைப் பார்த்தால் ஏறிக்கொண்டே வந்த கோடு பாதி வழியில் படுத்துவிடும். இதுதான் மில்லர் பிளாட்டோ. கேட்டுக்கும் டிரெயினுக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. டிரெயின் 400 வோல்ட் இறங்கும்போது, டிரைவர் (கேட்டை இயக்கும் சர்க்யூட்) தரும் கரண்ட் எல்லாவற்றையும் அது குடித்துவிடுகிறது. ஜான் மில்டன் மில்லர் 1920இல் வெற்றிடக் குழாய் வால்வுகளில் விளக்கிய விளைவுதான் இது. டிரான்சிஸ்டர் பிறப்பதற்கு முன்பே அதன் தலைவலியை எழுதிவிட்டார்!

டேட்டாஷீட்டில் கேட்-டிரெயின் சார்ஜ் என்று ஒரு எண் இருக்கும். நம் மாஸ்ஃபெட்டில் அது 35 நானோகூலோம். டிரைவர் 12 வோல்ட், பிளாட்டோ 5 வோல்ட், கேட் ரெசிஸ்டர் 7 ஓம் என்றால் ஒரு ஆம்பியர் பாயும். 35 நானோ செகண்டில் வேலை முடிந்தது. அதே இடத்தில் 20 மில்லிஆம்பியர் மட்டுமே தரக்கூடிய ஒரு சோப்ளாங்கி டிரைவரை வையுங்கள். 1750 நானோ செகண்ட் ஆகும். 100 கிலோஹெர்ட்ஸில் வோல்டேஜ் இறங்கும் பகுதியில் மட்டும் 350 வாட். மாஸ்ஃபெட் புகைந்துவிடும். மாஸ்ஃபெட் வோல்டேஜில் இயங்குவது, அதனால் கேட்டுக்குக் கரண்ட்டே வேண்டாம் என்ற பாடத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டால் இங்கேதான் கொண்டுபோய் விடும்.

அப்படியானால் கேட் ரெசிஸ்டரைக் குறைத்துக்கொண்டே போகலாமா? கொஞ்ச தூரம்தான். 400 வோல்ட்டை 10 நானோ செகண்டில் இறக்கினால், நானோ செகண்டுக்கு 40 வோல்ட். ரிங்கிங் (வோல்டேஜ் அடங்காமல் ஊசலாடுவது), பக்கத்துச் சர்க்யூட்டுகளுக்கு மின் இரைச்சல், சில நேரம் ஆஃபில் இருக்க வேண்டிய இன்னொரு மாஸ்ஃபெட் தானாக ஆன் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தைப் பிடிக்க வேண்டும். ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போடுவதும் இதற்காகத்தான்.

கணக்கில் நான் ஒளித்துவைத்த ஒன்று உண்டு: டயோடு. சாதா சிலிக்கான் டயோடு உடனே அடைபடாது. உள்ளே தேங்கிய சார்ஜ் காலியாகும்வரை பின்னோக்கிக் கடத்தும், அந்தக் கரண்ட்டும் மாஸ்ஃபெட் வழியாகத்தான் வரும். அதுவும் முழு 400 வோல்ட் நிற்கும்போது. தேங்கியது ஒரு மைக்ரோகூலோம் என்றாலே தோராயமாக 400 மைக்ரோஜூல். நாம் இவ்வளவு நேரம் கூட்டியதைப் போல இரண்டு மடங்கு! சிலிக்கான் கார்பைடு ஷாட்கி டயோடில் இந்தத் தேக்கம் கிட்டத்தட்ட இல்லை. நம் சர்க்யூட்டில் இருப்பது அதுதான், அதனால்தான் இதைச் சேர்க்காமல் தப்பித்தேன்.

இன்னொன்று சின்னது. ஆஃபில் இருக்கும்போது மாஸ்ஃபெட்டின் சொந்த அவுட்புட் கெப்பாசிட்டன்ஸ் 400 வோல்ட்டுக்கு சார்ஜ் ஆகி நிற்கும். ஆன் ஆனதும் அது உள்ளேயே எரிந்து தீரும். லோடே இல்லாதபோதும் சில கன்வர்ட்டர்கள் வெதுவெதுப்பாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

[திரையில்: கிடை அச்சில் ஃபிரீக்வென்சி, செங்குத்து அச்சில் வாட், இரண்டு புள்ளிகள்]

இதையெல்லாம் உங்கள் மேசையில் சரிபார்க்க நல்ல ஆஸிலோஸ்கோப்கூட வேண்டாம். ஸ்விட்ச் செய்யாமல் மாஸ்ஃபெட்டில் தெரிந்த டிசி வாட்டைக் கொடுத்து, ஹீட்சிங்க் வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று முதலில் பாருங்கள். என்னிடம் இருப்பது 3 டிகிரி. பிறகு ஒரே லோடில் இரண்டு ஃபிரீக்வென்சி. 20இல் 27 டிகிரி ஏறுகிறது, அதாவது 9 வாட். 100இல் 75 டிகிரி, 25 வாட். வித்தியாசம் 16 வாட். அதை 80,000ஆல் வகுத்தால் 200 மைக்ரோஜூல். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் பூஜ்ய ஹெர்ட்ஸில் 5 வாட்டில் போய் முட்டும். சூடு ஏறினால் அந்த 0.1 ஓமும் கொஞ்சம் ஏறும், அதனால் உங்கள் கோடு இவ்வளவு அழகாக வராது. சின்ன ஃபேன் ஒன்றை ஓடவிட்டு, அதை நிறுத்தாமலே எல்லா அளவுகளையும் எடுங்கள்.