எரிமலை உச்சியில் விலாங்குகள்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது டைசொம்மினா ரூகோசா என்ற ஆழ்கடல் விலாங்கு. ஓர் அடி நீளம் இருக்கும். ஐசக் கின்ஸ்பர்க் என்ற அறிஞர் 1951இல் இதற்குப் பெயர் வைத்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு, பெரும்பாலும் இழுவலையில் சிக்கி மேலே வந்த உடல்களை வைத்துத்தான் இதை அறிந்திருந்தார்கள். சீசாவில் ஊறும் மீனை வைத்து அதன் பிழைப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

பசிபிக் கடலில், அமெரிக்கன் சமோவாவின் தாவு தீவுக்குக் கிழக்கே வைலுலுவு என்ற எரிமலை நீருக்குள் மூழ்கியிருக்கிறது. அதன் வாய்க்குள் 2001க்குப் பிறகு புதிதாக ஒரு குன்று முளைத்தது. 2005இல் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது அது 300 மீட்டர் உயர்ந்திருந்தது. நாலே வருடத்தில்! சமோவாவின் போர்த் தெய்வமான நஃபானுவாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

பைசீஸ் 5 என்ற நீர்மூழ்கி அந்தக் குன்றின் உச்சியில், சுமார் 700 மீட்டர் ஆழத்தில் இறங்கியது. கீழே பட்டதும் எரிமலைப் பாறையின் இடுக்குகளிலிருந்து விலாங்குகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. வேறெங்கும் இந்த இனத்தை இப்படித் திரளாகப் பார்த்ததில்லை. விலாங்கு நகரம் என்றே அந்த இடத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சரி, அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி? வெந்நீர் ஊற்றைச் சுற்றிப் பாறைமேல் நுண்ணுயிர்கள் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கின்றன. அதைத்தான் தின்னும் என்று யாருக்கும் தோன்றும். வயிற்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருந்தது இறால் வகை உயிர்கள். குன்றின் உச்சியைக் கடக்கும் நீரோட்டம் அவற்றை வெளியிலிருந்து கொண்டுவருகிறது. எரிமலை கொடுப்பது ஒளிந்துகொள்ள இடுக்கும் நல்ல இடமும் மட்டுமே. என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான்.

ஏனென்றால், அதே குன்றின் அடிவாரத்தில் நிலைமை நேர்மாறு. நச்சு நீர் வெளியேற வழியில்லாமல் எரிமலை வாயின் அடியில் தேங்கி நிற்கிறது. மீன்களும் கணவாய்களும் அங்கே செத்துக் கிடந்தன. அந்த நீரைத் தாங்கி வாழ்பவை ஒருவகைப் புழுக்கள். இந்த வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே சில நூறு மீட்டர் உயரம்தான்.

அமெரிக்கன் சமோவாவின் தேசியக் கடல் சரணாலயத்தை 2012இல் விரிவாக்கியபோது வைலுலுவும் அதற்குள் வந்தது. பவளத்திட்டுகளுக்கும் திமிங்கிலங்களுக்கும் கிடைக்கும் காவல், கண்ணுக்கே தெரியாத இந்தச் சிறு விலாங்குக்கும் கிடைத்ததில் எனக்கு மனம்நிறைந்த மகிழ்ச்சி.