வீட்டுக்குள்ள ஒரு கிணறு

வணக்கம் நேயர்களே. அமெரிக்கா போய்ட்டு வந்தீங்களே, அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, நயாகரா பத்தி சொல்லுவேன்னு நினைச்சிருப்பாங்க போல, அதை ஏற்கனவே நிறைய பேர் சொல்லியாச்சு. நான் சொல்லப்போறது ஆயிரம் பேர் கூட இல்லாத ஒரு ஊர்.

பொண்ணு இண்டியானாபொலிஸ்ல இருக்கா. அங்கேர்ந்து கிழக்க ஹைவேல ஒரு மணி நேரத்துக்கு மேல போனா ரிச்மண்ட், அங்க வடக்க திரும்பினா ரெண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான், கொஞ்ச நேரத்துல ஃபவுண்டன் சிட்டி. பேர்லதான் சிட்டி. 1878 வரைக்கும் நியூபோர்ட்னு பேராம். மெயின் ரோட்டு மேலயே ஒரு செங்கல் மாடி வீடு, 1839ல கட்டினது, தப்பிச்சு வந்த அடிமைங்களை ஒளிச்சு வச்ச லீவை காஃபின்ங்கிறவர் வீடு. பேரைக் கேட்டதும் மாப்பிள்ளை சிரிச்சார், காஃபின்னா சவப்பெட்டியாச்சே அத்தைன்னு.

காஃபின் குடும்பம் குவேக்கர்ங்க. கிறிஸ்தவங்கதான், ஆனா அப்போ அவங்க கூட்டத்துல பூசாரியும் இல்ல பாட்டும் இல்ல, எல்லாரும் சும்மா உக்காந்திருப்பாங்க, உள்ளேர்ந்து யாருக்கு வார்த்தை வருதோ அவங்க எழுந்து பேசுவாங்க. அடிமை முறை வேண்டாம்னு வடக்கு கரோலினாலேர்ந்து நிறைய குவேக்கர் குடும்பம் இண்டியானா பக்கம் வந்துச்சு, காஃபினும் மனைவி கேத்தரினும் 1826ல வந்து கடை போட்டாங்க. அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடுன்னு சொல்றாங்களே, அதுல ரயிலும் கிடையாது சுரங்கமும் கிடையாது, அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்கள்லேர்ந்து தப்பிச்சு வர்ற அடிமைங்களை ராத்திரியோட ராத்திரியா ஒரு வீட்டுலேர்ந்து அடுத்த வீட்டுக்கு வண்டில அனுப்புறது, அவ்ளோதான். தெற்க ஒஹையோ ஆத்தங்கரைல இருக்கிற சின்சினாட்டி, மேடிசன், ஜெஃபர்சன்வில்னு மூணு ஊர் பக்கத்துலேர்ந்து வர்ற வழியும் இந்த ஊர்லதான் வந்து சேரும். இவங்க இங்க இருந்த இருபது வருஷத்துல ஆயிரம் பேருக்கு மேல இவங்க கை வழியா போயிருக்காங்க.

மாடில ஒரு ரூம்ல கட்டிலுக்குப் பின்னாடி முழங்கால் உயரத்துக்கு ஒரு கதவு, அதுக்குள்ள சாய்வுக் கூரைக்கு அடில ஒரு இடுக்கு, நிமிர்ந்து நிக்கவே முடியாது. ஆள் உள்ள போனதும் கட்டிலை முன்னாடி தள்ளிட்டா சாதாரண படுக்கை ரூம்தான். எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுத்தாங்க. எனக்கு மனசுல நின்னது பேஸ்மென்ட் சமையலறை. அங்க வீட்டுக்குள்ளயே ஒரு கிணறு இருக்கு. எதுக்குன்னா, வெளிய வந்து தண்ணி எடுத்தா எத்தனை வாளி போகுதுன்னு பாக்குறவங்க கணக்கு போட்டுடுவாங்களாம். அதைக் கேட்டதும் சட்டுனு புரிஞ்சுது, நம்ம தெருவுல ரெண்டு குடம் கூட போனாலே "என்ன, வீட்ல விருந்தாளியா?"ன்னு எதிர் வீட்டு அக்கா கேட்டுட மாட்டாங்க? அடிமைங்களைத் தேடி வர்ற துப்பாக்கிக்காரனை விட அந்தக் கேள்விதான் ஆபத்து.

ராத்திரி கதவை மெதுவா தட்டுவாங்களாம், விளக்கு போடாம எல்லாரையும் உள்ள விட்டு தாழ்ப்பா போட்டு, ஜன்னலை மூடின பிறகுதான் வெளிச்சம். அதுக்குள்ள கேத்தரின் எழுந்து சமையலை ஆரம்பிச்சிருப்பாங்க. ஒரு தடவை ரெண்டு வண்டில 17 பேர் வந்து இறங்கியிருக்காங்க. என்ன கொண்டு வந்திருக்கன்னு கேத்தரின் கேட்க, "கென்டக்கி முழுசும்"னானாம் வண்டிக்காரன், கென்டக்கின்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடிமை மாநிலம். சரி, கென்டக்கி முழுசையும் உள்ள கூட்டிட்டு வான்னாங்களாம் அந்தம்மா. பதினேழு பேருக்கு டிபன்! நான் அந்த அடுப்பையே பாத்துட்டு நின்னேன்.

ஊரே சேர்ந்து செஞ்சாங்கன்னு நினைச்சுடாதீங்க. காஃபினுக்கு முன்னாடி வந்தவங்களை மறைச்சு வச்சது அங்க குடியிருந்த கருப்பின குடும்பங்கள்தான், பாவம், அங்கேர்ந்து பல பேரைத் திரும்பப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க, அதைப் பாத்துதான் காஃபின் இறங்கினதே. கதையை எப்பவும் காஃபின்லேர்ந்து ஆரம்பிக்கிறதுல எனக்கு கொஞ்சம் வருத்தம். அவர் இறங்கினதும் பயந்துபோய் சில பேர் அவர் கடைக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. துணி தருவோம், ஆனா வீட்ல வச்சுக்க மாட்டோம்னு சொன்னவங்களும் உண்டு. குவேக்கர்ங்களுக்குள்ளயே இவ்ளோ தீவிரம் வேணுமான்னு சண்டை வந்து 1843ல அடிமை எதிர்ப்புக்காரங்க தனி சபையாவே பிரிஞ்சுட்டாங்க. அப்புறம் 1847ல அடிமை கை படாத பருத்தி, சர்க்கரை விக்கிற மொத்த வியாபாரத்துக்காக காஃபின் சின்சினாட்டி போயிட்டார்.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். பக்கத்துலயே 2016ல திறந்த ஒரு மியூசியம் மாதிரி கட்டடம் இருக்கு, அதை முதல்ல பாத்துட்டு அப்புறம் வீட்டுக்குள்ள போங்க. தானிய மூட்டைக்கு அடில ஆளைப் படுக்க வைக்கிற, பொய் அடிப்பலகை வச்ச ஒரு வண்டியும் வச்சிருக்காங்க, அதையும் விட்டுடாதீங்க. படிக்கட்டு எனக்கு கஷ்டமாதான் இருந்துச்சு. நாங்க புளியோதரை கட்டிட்டுப் போயிருந்தோம், கார்லயே உக்காந்து சாப்பிட்டோம், நாலு பேருக்கு கட்டினதே பத்தல.